பணிவாகக் கேட்ட அறிவித்தல்

தம்பி,

உன் பிறப்புச் சான்றிதழ் இப்போது போய்ச்சேர வேண்டிய கையில் இருக்கிறது. அது ஏன் மூன்று வாரம் பிந்தியது என்று நீ இன்னும் கேட்கவில்லை. கேட்காமலேயே ஒரு விடையை வைத்திருக்கிறாய். தர்சினியை எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் பதிவாளருக்கு முன்னால் உங்கள் கலியாண எழுத்து நடக்காமல் இழுத்தடித்தேன் என்பது அந்த விடை. உன்னை மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கே சந்தையிலும், தையல் கடையிலும், கோயில் மடத்திலும் அதே விடைதான் பேசப்படுகிறது. பிழையான பதிப்பு ஊரெல்லாம் கைமாறும்போது திருத்தத்தை ஒருவருக்கு மட்டும் உறையில் போட்டு அனுப்புவதில் பயனில்லை. பிரதேச சபை நூலகத்தில் முப்பது வருடம் இருந்தவளுக்கு இது தெரியும். அதனால் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். நீயும் வாசி, அவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் உன் சந்தேகத்துக்கு இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ அவளைப் பற்றி முதன்முறை சொன்னபோது நான் உன்னிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். செட்டிகுளத்தில் எந்தப் பக்கம், இடம்பெயருவதற்கு முதல் எந்த ஊர், குலதெய்வம் எது. இந்தக் கேள்விகள் எதற்கென்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேட்பவர் மட்டும் புவியியல் ஆர்வத்தால் கேட்பதுபோல் கேட்பார். நானும் அப்படித்தான் கேட்டேன். எத்தனையோ நல்ல புத்தகங்களுக்கு உறை போட்டு அடுக்கியவள் நான். உறை போடுவதற்கும் வாசிப்பதற்கும் உள்ள தூரம் அன்று தெரிந்தது. நீ பதில் சொன்னாய், நான் "சரி" என்றேன், அதற்குப் பிறகு பல நாள் நீ வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது அப்பாவுடன் மட்டும் கதைத்தாய். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சான்றிதழ் பிந்தியது அந்தக் குற்றத்தால் அல்ல. அது வேறொரு குற்றம். ஒரு குற்றவாளிக்கும் இவ்வளவு நேர்த்தியாகக் கணக்குப் பிரித்து நிற்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

நான் ஓய்வு பெற்றபோது நீ வாங்கித் தந்த மடிக்கணினியில் ஒரு கோப்புறை இருக்கிறது. அதற்கு நான் வைத்த பெயர் "எடுத்துக்கொண்டு ஓட". உனக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் வயதில் வன்னியில் இருப்பவர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒரு காலத்தில் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் கதவடியில் ஒரு பை தொங்கியது. காணிப் பத்திரம், அடையாள அட்டைகள், பிறப்புப் பதிவுகள், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், நாலு படம், எல்லாம் அந்த ஒரு பைக்குள். சட்டி பானையை விட்டுவிட்டுப் போனோம், அந்தப் பையை விடவில்லை. நீ பின்னாளில் பல்கலைக்கழகம் போனது அந்தப் பையின் புண்ணியத்தில். ஆகவே கணினி வந்ததும் நான் செய்த முதல் வேலை, வீட்டிலிருந்த கடதாசிகள் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து ஒரே இடத்தில் கட்டி வைத்தது. உன் கடவுச்சீட்டு, உன் அடையாள அட்டை, உன் பட்டச் சான்றிதழ், எங்கள் காணி அனுமதிப்பத்திரம், இவற்றோடு மின்னஞ்சல் கடவுச்சொற்கள் எழுதிய ஒரு தாளும். அவசரத்தில் தேடக்கூடாது பார். யாருக்கு அவசரம் வரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்தக் கோப்புறைக்குள்தான் உன் பிறப்புப் பதிவின் படமும் இருந்தது. நீ பிறந்தது ஓரிடம், பதிவானது இன்னோரிடம், அந்தப் பதிவுப் புத்தகம் இப்போது இருப்பது மூன்றாவது இடம். நான் ஸ்கான் செய்த அந்தப் பிரதியைப் பிறகு நீ கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தாய்; அது திரும்பி வரவில்லை. பதிவிலக்கம் தெரிந்தால் அரை நாளில் புதுப் பிரதி எடுக்கலாம். தெரியாவிட்டால் மூன்று அலுவலகங்களின் அலுமாரிகளோடு குடும்பம் நடத்த வேண்டும். அந்த இலக்கம் இந்த உலகத்தில் அந்தப் படத்தில் மட்டுமே இருந்தது.

சம்பவம் நடந்தது ஒரு காலை பத்து மணிக்கு. அப்பா வயலுக்குப் போயிருந்தார். நான் இணையத்தில் எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்: உன் கலியாணத்துக்கு நாள். நாள் நட்சத்திரத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். நம்பிக்கை இல்லாதவர்களும் நாள் பார்ப்பார்கள், பிறகு ஏதாவது பிழைத்தால் நாளைக் குறை சொல்லலாம் என்பதற்காக. ஏதோ ஒரு பஞ்சாங்கப் பக்கத்தை அமத்தினேன். திரை முழுவதும் சிவப்பாகி, அம்புலன்ஸ் போலக் கத்தத் தொடங்கியது. உங்கள் கணினியின் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது, ஐந்து நிமிடத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் எல்லாக் கோப்புகளும் அழிந்துவிடும், கணினியை நிறுத்த வேண்டாம், உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று எழுதியிருந்தது. கணினியைச் செய்த கம்பனியின் அடையாளம் மேலே இருந்தது. பக்கத்தில் ஒரு கடிகாரம் நாலு ஐம்பத்தொன்பது, நாலு ஐம்பத்தெட்டு என்று இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு புத்தகத்தைக் கையில் தந்தால் அது கள்ளப் பதிப்பா, நல்ல பதிப்பா என்று நான் ஒரு நிமிடத்தில் சொல்வேன். அட்டையைப் பார்க்கமாட்டேன். அட்டையைத்தான் கள்ளன் முதலில் நன்றாகச் செய்வான். உள்ளே திருப்பி, யார் பதிப்பித்தது, எங்கே அச்சிட்டது, எந்த வழியால் இந்த நூலகத்துக்கு வந்தது என்று பார்ப்பேன். அன்றைக்கு அந்தச் சிவப்புத் திரையின் அட்டையை மட்டும் பார்த்தேன். காரணம் அந்தக் கடிகாரம். "உடனே வெளியேறுங்கள்" என்று வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்ன காலத்தில், உடனே வெளியேறியவர்கள்தான் இன்றைக்கு ஓய்வூதியம் எடுக்கிறார்கள். கதிரையையும் கட்டுவோமா விடுவோமா என்று நின்ற சிலர் கதிரையோடேயே நின்றுவிட்டார்கள். எனவே யாராவது "உடனே" என்று கத்தினால் எங்கள் கால்கள் எங்களைக் கேட்காமலேயே எழும்பும். அந்தப் பழக்கம் எங்களை மூன்று முறை காப்பாற்றியது. நாலாவது முறை அது என்னை ஒரு தொலைபேசி இலக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது.

முதல் மணியிலேயே ஒருவர் எடுத்தார். அந்த ஒன்றே எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் என் அழைப்பை முதல் மணியில் எடுத்த நிறுவனம் எது? என்னை "மேடம்" என்றார். அழகான தமிழ், வானொலியில் செய்தி வாசிப்பதுபோல. பதற்றப்பட வேண்டாம் என்றார், பதற்றப்படுத்தியவர் அவர்தான் என்பதை மறந்து நான் நன்றி சொன்னேன். ஒரு சின்ன மென்பொருளை இறக்கச் சொன்னார். இறக்கினேன். திரையில் வரும் இலக்கங்களை வாசிக்கச் சொன்னார். முப்பது வருடம் நூல்களின் இலக்கத்தை உரத்து வாசித்தவள் நான். ஒரு பிழையும் இல்லாமல் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். "மிகவும் தெளிவாக வாசிக்கிறீர்கள் மேடம்" என்று பாராட்டினார். ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

பிறகு திரையில் அம்புக்குறி தன்பாட்டில் நகர்ந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி படங்களைப் பார்ப்பதுபோல அங்கும் இங்கும் போய், "எடுத்துக்கொண்டு ஓட" என்ற கோப்புறைக்கு மேல் நின்றது. அந்த நேரம் அப்பா வயலிலிருந்து வந்து வாசலில் மண்வெட்டியைச் சாத்தினார்.

"இஞ்சாரும், ஆரோட கதைக்கிறீர்?"

"கொம்பனிக்காரரோட. கொம்பியூட்டருக்குள்ள ஏதோ பூந்திட்டுதாம். அவர் திருத்துறார்."

"எங்க இருந்து திருத்துறார்?"

"தெரியாது."

"எங்க இருக்கிறானெண்டு தெரியாத ஒருத்தன் எங்கட வீட்டுக்குள்ள நிண்டு என்னத்தைத் திருத்துறான்?"

"கொஞ்சம் சத்தம் போடாதேங்கோ, அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! கேக்கத்தானே சொல்லுறன்!"

உன் அப்பாவுக்குக் கணினி தெரியாது. வாய்க்கால் தெரியும். வயலுக்குள் கூடாத தண்ணீர் வந்தால் எங்கே பிழை என்று ஆராயமாட்டார், முதலில் மதகை அடைப்பார். சுவரில் இருந்த வயரைப் பிடுங்கினார். மடிக்கணினிக்குள் பற்றரி இருந்தபடியால் திரை அப்படியே எரிந்தது. அடுத்ததாக இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். அதோடு நிறுத்தாமல் குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் பிடுங்கினார். அம்புக்குறி கோப்புறைக்குள்ளே நடுவழியில் நின்றுவிட்டது. அது இணையப் பெட்டியால் நின்றது என்று நான் சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டியால் இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது என்று அவர் சொல்கிறார். எப்படியோ, இந்த வீட்டில் அன்றைக்குச் சரியான காரியம் செய்தவர் அவர் ஒருவர்தான். யாரையாவது தெரியாமல் உள்ளே விட்டுவிட்டால் முதலில் இணைப்பை அறு. பிறகு யோசி.

வங்கியில் இருந்து ஒன்றும் போகவில்லை. என் ஓய்வூதியம் பழைய புத்தகக் கணக்கில் கிடக்கிறது. அதை எடுக்க எனக்கே இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும், அந்த மனிதருக்கு அவ்வளவு பொறுமை இராது. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் உன் கடவுச்சீட்டின் படத்தையும் அடையாள அட்டையின் படத்தையும் எடுத்துக்கொண்டாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நான் மடிக்கணினியை மூடி, பழைய சேலை ஒன்றால் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறந்தால் அவர் உள்ளே இருப்பார் என்று பயம். படித்தவள்தான், நூலகர்தான். பயத்துக்கு அந்த விவரங்கள் தேவைப்படவில்லை.

"தம்பிக்குச் சொல்லுவம்" என்றார் அப்பா.

"கலியாண நேரம். அவன்ர பாஸ்போட்டை ஆரோ ஒருத்தனுக்குத் தாரைவாத்துப்போட்டன் எண்டு இப்ப சொல்லுறதோ? பேந்து சொல்லுவம்."

இரண்டு நாளில் நீ எடுத்தாய். எழுத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், இலக்கத்தைச் சொல்லுங்கோ என்றாய். நான் "கொம்பியூட்டர் பழுது" என்றேன். நாலு நாள் கழித்துக் கேட்டாய். "இன்னும் பழுது" என்றேன். திருத்த ஆள் அனுப்புகிறேன் என்றாய். "வேண்டாம், தன்பாட்டில சரிவரும்" என்றேன். கணினி தன்பாட்டில் சரிவரும் என்று சொன்ன தாயை நீ நம்பாததில் எனக்கு வருத்தமில்லை. நம்பியிருந்தால்தான் நீ செய்கிற கணினி வேலையைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பேன்.

பத்தாம் நாள் தெரியாத ஓர் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. இதற்குள் நான் பத்திரிகைகளில் வந்த எச்சரிக்கைகளையெல்லாம் தேடி வாசித்து, இந்த மாவட்டத்திலேயே உசாரான கிழவியாகியிருந்தேன்.

"அம்மா, நான்தான். அந்த நம்பரை இண்டைக்கே சொல்லுங்கோ, சரியான அவசரம்."

தெரியாத இலக்கம். அவசரம். கேட்பது ஆவண விபரம். நான் வாசித்த மூன்று அடையாளங்களும் ஒன்றாக வந்து நின்றன.

"எந்த மகன்?" என்று கேட்டேன்.

"என்னம்மா விசர்க்கதை கதைக்கிறீங்கள்? உங்களுக்கு எத்தினை மகன்?"

"அதை நீர் சொல்லும் பாப்பம்" என்றுவிட்டு வைத்துவிட்டேன். பத்து நிமிடம் என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் குரலை மனத்துக்குள் திரும்பக் கேட்டபோது அது உன் குரலாகவே இருந்தது. திரும்ப அழைத்தேன், நீ எடுக்கவில்லை. அது தர்சினியின் தொலைபேசி என்றும், அவள் பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டாள் என்றும், நீ அதற்குப் பிறகு "எங்கட அம்மாவுக்கு இது பிடிக்கேல்லை, அவ்வளவுதான்" என்று அவளிடம் சொன்னாய் என்றும் அப்பா வழியாகப் பின்னர் அறிந்தேன். கள்ளனுக்கு இலக்கங்களை வாசித்துக் காட்டினேன். சொந்த மகனுக்குக் கதவைச் சாத்தினேன். எச்சரிக்கையைக் கடையில் வாங்கிய சட்டை மாதிரி அளவு பார்க்காமல் போட்டால் இப்படித்தான் இருக்கும்.

அடுத்த கிழமை அப்பாவே அலுமாரியைத் திறந்து, சேலையோடு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் பின்னால் போனேன். வவுனியாவில் நிஸாரின் திருத்தும் கடை உனக்கு ஞாபகம் இருக்கும், அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவர் இணையம் இல்லாமலே அதைத் திறந்து, அந்த மனிதர் இறக்கச் சொன்ன மென்பொருளைக் கழற்றி, மூலை முடுக்கெல்லாம் சோதித்தார். பிறகு கண்ணாடியை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"மிஸ், இதில உண்மையான அப்டேட் ஒண்டு பதினொரு மாசமா நிண்டு உங்களக் கேட்டுட்டு இருந்திருக்கு. நீங்க ஒரு நாளும் விடல்ல."

"அது மூலைக்குள்ள சின்னனா வந்து, வசதியான நேரம் செய்யலாமோ, பிறகு ஞாபகப்படுத்தட்டோ எண்டு கேட்டது. அவ்வளவு பணிவாக் கேட்டபடியா அது முக்கியமில்லை எண்டு நினைச்சன்."

"உண்மையானது அப்பிடித்தான் மிஸ் கேக்கும். அது கொம்பியூட்டருக்குள்ளேயே குடியிருக்கு, எங்கயும் ஓடப்போறதில்ல. கத்துறது வெளிய ரோட்டில நிக்கிறவன். நீங்க ஜன்னலச் சாத்தினா அவன் போய்ட்டான்."

அவர் ஜன்னல் என்றது இணையம் பார்க்கிற அந்தப் பக்கத்தைத்தான். எனக்கு அவர் சொல்லித் தந்ததை என் பாசையில் உனக்குச் சொல்கிறேன். நீ அறிந்ததுதான், ஆனால் அறிந்தவர்களும் களைத்திருக்கும் நேரம் ஒன்று உண்டு. நீ ஏதோ ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்துக்குள்ளிருந்தே "புதுப்பி" என்று வருவது கணினியின் அறிவித்தல் அல்ல, அது விளம்பரப் பலகை. அதிலுள்ள எதையும் அமத்தாதே, மூடுகிற அடையாளம் என்று அதில் கீறியிருப்பதைக்கூட. பக்கத்தையே மூடு. மூட விடாவிட்டால் கணினியை நிறுத்து. நிறுத்தினால் எல்லாம் அழியும் என்று அது சொன்னால் கட்டாயம் நிறுத்து. பிறகு ஆறுதலாக, நீயாகவே கணினியின் செற்றிங்ஸ் என்ற இடத்துக்குள் போய், புதுப்பித்தல் ஏதும் இருக்கிறதா என்று கேள். உண்மையில் இருந்தால் அங்கே இருக்கும். அங்கே இல்லாதது எங்கேயும் இல்லை. தொலைபேசி இலக்கம் தருகிற அறிவித்தலும், உன்னை இலக்கம் வாசிக்கச் சொல்கிற அறிவித்தலும், கடிகாரம் காட்டுகிற அறிவித்தலும் உன் நன்மைக்காக வந்தவை அல்ல. அதற்காக எல்லாவற்றையும் தள்ளிப்போடாதே. நான் பதினொரு மாதம் தள்ளிப்போட்டதால் என் வீட்டின் ஓட்டைகள் பதினொரு மாதம் திறந்து கிடந்தன. கத்துகிறவனுக்குப் பயந்து பணிவானவனையும் வெளியே நிறுத்துவது பாதுகாப்பு அல்ல.

"அந்த ஆள் எங்கட பத்திரங்களை எடுத்திருப்பானோ?" என்று நிஸாரிடம் கேட்டேன்.

"அது தெரியாது மிஸ். மாட்டக் கள்ளன் கொண்டுபோனா பட்டியில மாடு இருக்காது, விளங்கும். இதில உங்கட பட்டியிலயும் மாடு நிக்கும், அவன்ட பட்டியிலயும் அதே மாடு நிக்கும்."

பொலிஸ் நிலையத்திலும் சொன்னேன். "களவு போன பொருள்?" என்று கேட்டார்கள். "ஒன்றும் போகவில்லை, எல்லாம் இருக்கிறது" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினார், அதைச் சொல்ல வேண்டும். முறைப்பாட்டின் பிரதி என்னிடம் இருக்கிறது. என் கடவுச்சொற்களை அப்பாவின் தொலைபேசியிலிருந்து மாற்றிவிட்டேன். உன்னுடையவை சிலவும் அந்தத் தாளில் இருந்தன, ஆகவே இதை வாசித்து முடித்ததும் நீயும் மாற்று. உன் வங்கிக்குச் சொல்லிவை. இனி யாராவது உன் அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டு உன்னோடு கதைத்தால், அவர் உன்னைத் தெரிந்தவர் என்று எண்ணாதே. என்னைத் தெரிந்தவராக இருக்கலாம்.

இனி நேற்று நடந்தது. உனக்கு அதில் ஒரு பாதிதான் தெரியும். கோப்புறையில் உன் பதிவு அப்படியே இருந்தது. இலக்கத்தைத் தாளில் எழுதி, உரிய அலுவலகத்தில் வரிசையில் நின்று, முத்திரையோடு இரண்டு பிரதி எடுத்தேன். உனக்குப் படமாக அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ சான்றிதழை எடுத்துக்கொள்வாய், விடையை மாற்றமாட்டாய். அதனால் இரண்டு பஸ் மாறிச் செட்டிகுளத்துக்குப் போனேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பது எப்படிப்பட்டவர்களின் வழக்கம் என்பது படலையைத் தட்டிய பிறகுதான் உறைத்தது.

தர்சினி தனியாக நின்றாள். படத்தில் பார்த்ததைவிட உயரம். நான் இன்னார் என்று சொன்னேன். அவள் படலையைத் திறக்கவில்லை. என் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். நானும் புதிதாகக் கற்ற பாடத்தின் சூட்டில், உன் ஆவணத்தை முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் கொடுப்பதா என்று நினைத்தேன்.

"பிள்ளை, உம்மட ஐடென்ரிக் காட்டை ஒருக்காக் காட்டும்" என்றேன்.

"என்ர வீட்டுப் படலையில நிண்டு என்ர ஐடென்ரியைக் கேக்கிறீங்கள். நீங்கள் ஆரெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

"சொன்னனே."

"சொல்லுறது ஆரும் சொல்லலாம். குறை நினைக்காதேங்கோ அம்மா. நான் அவருக்கு எடுத்துக் கேக்கிறன்."

என்னிடம் இலக்கம் கேட்கவில்லை, தன் தொலைபேசியில் தானே வைத்திருந்த உன் இலக்கத்தை எடுத்தாள். இருபது நிமிடம் ஒரு அந்நியனுக்கு நான் செய்யாததை அவள் இருபது செக்கனில் எனக்குச் செய்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பிடித்திருந்தது. நான் கேட்டவைபோல மூன்று கேள்விகளால் ஒரு மனிதரைப் பற்றி ஒன்றும் தெரியவராது. இப்படி ஒரு நிமிடம் படலையடியில் நின்றால் தெரியவரும்.

நீ எடுத்தாய். அவள் ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், உனக்கு அது தெரியாது.

"இஞ்ச ஒரு அம்மா வந்து நிக்கிறா. உங்கட அம்மா எண்டு சொல்லுறா."

"எங்கட அம்மாவோ? அங்கயோ? அவா அங்க வரமாட்டா. ஆரெண்டு வடிவாக் கேளும்."

நீ சொன்னது எனக்குக் கேட்டது என்பதை அவள் என் முகத்தில் பார்த்தாள். தொலைபேசியை மறைக்கப் பார்த்தாள், அதற்குள் காலம் கடந்துவிட்டது. உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, தம்பி. நீ உன்னிடம் இருந்த சான்றுகளை வைத்துச் சரியாகத்தான் சரிபார்த்தாய். அந்தச் சான்றுகள் எல்லாம் நான் தந்தவை.

"பிள்ளை, தம்பிக்குச் சொல்லும்" என்றேன். "கொம்பியூட்டர் ஒரு நாளும் பழுதாகேல்லை. பழுதெண்டு நான் சொன்னது பொய். பயத்தில சொன்னனான். மிச்சத்தை எழுதுறன் எண்டு சொல்லும்."

அவள் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னாள். உன் அலுவலகத்தில் யாரோ கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அவாதான்" என்றாய். பிறகு, "உள்ளுக்குக் கூப்பிட்டனீரோ? தேத்தண்ணி குடுத்தனீரோ?"

"இன்னும் இல்லை" என்றாள் தர்சினி, படலையைத் திறந்துகொண்டே. "முதல்ல அவாவுக்கு என்ர ஐடென்ரிக் காட்டைக் காட்டோணும்."